ஈஸ்ட்ரோஜன் பேட்ச் எழுதிக்குடுத்திருக்காங்க, ஒட்டலாமா வேணாமா?

மாலைவெயில்:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன். வயசு 49. பீரியட்ஸ் நின்னு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. நின்னதுல சந்தோஷம்தான், ஆனா கூடவே தூக்கமும் போச்சு. நடுராத்திரில கழுத்துல இருந்து குபுகுபுன்னு சூடு ஏறும், நைட்டி நனைஞ்சிரும், அஞ்சு நிமிஷத்துல குளிர ஆரம்பிச்சிரும், தள்ளிவிட்ட போர்வைய திரும்ப இழுத்து போத்திக்கணும். ஆபீஸ் மீட்டிங்ல முகம் செவந்து வேர்த்து ஊத்துது, எல்லாரும் என்னையே பாக்குற மாதிரி இருக்கு. டாக்டர் ஈஸ்ட்ரோஜன் பேட்ச் எழுதிக்குடுத்து, ராத்திரிக்கு ஒரு ப்ரொஜெஸ்டிரோன் கேப்ஸ்யூலும் சேத்திருக்காங்க. நாத்தனார் “ஹார்மோன் எடுத்தா மார்புல கேன்சர் வரும், என் மாமியாருக்கு வந்துச்சு”ன்னு ஒரே பிடியா நிக்கிறாங்க. சரி டப்பாக்குள்ள இருக்குற தாளையாவது படிப்போம்னு விரிச்சா அதுலயும் ஸ்ட்ரோக், ரத்தக்கட்டி, கேன்சர்னு பொடி எழுத்துல வரிசையா போட்டிருக்கு. டப்பா இப்ப அலமாரில தூங்குது, நான் தூங்கல. யாராச்சும் எடுத்திருக்கீங்களா?

குறுக்குக்கேள்வி:
எடுக்காதீங்க. மெனோபாஸ் நோயா என்ன? இயற்கையா நிக்கிறத எதுக்கு மருந்து குடுத்து இழுக்கணும்? 2002ல அமெரிக்காவுல பெரிய ஆராய்ச்சி ஒண்ண பாதியிலயே நிறுத்துனாங்க, தேடிப் பாருங்க. நான் வேற ஒண்ணும் சொல்லல.

வெள்ளைக்கோட்டு:
நான் மகப்பேறு டாக்டர். நேர்ல பாக்காம ஒட்டுங்கன்னோ வேணாம்னோ சொல்ல மாட்டேன், ஆனா அந்த 2002 கதைய முழுசா சொல்றேன், ஏன்னா பாதி கதைதான் ஊரெல்லாம் சுத்துது.

அது விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்னு ஒரு ஆராய்ச்சி. அதுல ஹார்மோன் சோதனை ரெண்டு. மொதலாவது, கர்ப்பப்பை இருக்குற 16,608 பேருக்கு நடந்தது, பாதிப் பேருக்கு ஈஸ்ட்ரோஜனும் செயற்கை ப்ரொஜெஸ்டினும் சேந்த மாத்திரை, மீதிப் பேருக்கு டம்மி மாத்திரை. இதத்தான் 2002 ஜூலைல நிறுத்துனாங்க. 10,000 பேர் ஒரு வருஷம் எடுத்துக்கிட்டா டம்மி பக்கம் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய், ஹார்மோன் பக்கம் 38. இத “26 சதவீதம் அதிகம்”னு போட்டா தலைப்புச் செய்தி, “10,000க்கு 8”னு போட்டா உள்பக்கத்துல ஒரு ஓரம். ரெண்டும் ஒரே கணக்குதான். அந்த 8 பேர் சும்மா இல்ல, ஸ்ட்ரோக்கும் நுரையீரல் ரத்தக்கட்டியும்கூட அதே அளவு கூடுச்சு. இடுப்பெலும்பு முறிவு 15ல இருந்து 10ஆ கொறஞ்சிச்சு.

இப்ப யாரும் சொல்லாத பாதி. அந்தப் பெண்களோட சராசரி வயசு 63. 79 வயசுக்காரங்களும் இருந்தாங்க. அதாவது பெரும்பாலும் பீரியட்ஸ் நின்னு பத்து பதினஞ்சு வருஷம் ஆன, ரத்தக்குழாய்ல ஏற்கனவே கொழுப்பு படிஞ்ச உடம்புல திடீர்னு ஹார்மோன ஆரம்பிச்சாங்க. வேர்வைல நனைஞ்சிட்டு வர்ற 49 வயசுக்காரங்களப் பத்தின ஆராய்ச்சியே இல்ல அது. ரெண்டாவது சோதனை, கர்ப்பப்பை எடுத்துட்ட 10,739 பேருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் குடுத்தது. அதையும் 2004ல ஸ்ட்ரோக் கூடுதுன்னு நிறுத்துனாங்க, ஆனா அதுல மார்பகப் புற்றுநோய் கூடவே இல்ல, பின்னாடி வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்ததுல டம்மி குரூப்ப விட கம்மியாதான் இருந்துச்சு. இது எந்த நாத்தனார் காதுக்கும் போய்ச் சேரல.

இப்ப பெரும்பாலான டாக்டர்கள் வச்சிருக்குற கோடு: 60 வயசுக்குள்ள, இல்ல பீரியட்ஸ் நின்னு 10 வருஷத்துக்குள்ள, தொந்தரவு நிஜமா இருந்து, தடை எதுவும் இல்லைன்னா, நன்மை பக்கம்தான் தட்டு தாழும். தடைன்னா மார்பகப் புற்றுநோய் வந்தவங்க, ரத்தக்கட்டி, ஸ்ட்ரோக், ஹார்ட் அட்டாக் வந்தவங்க, கல்லீரல் கோளாறு, அப்புறம் காரணம் தெரியாத ரத்தப்போக்கு. பீரியட்ஸ் நின்னு ஒரு வருஷம் கழிச்சு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் மொதல்ல அதுக்கு ஸ்கேன், பேட்ச் எல்லாம் அப்புறம்.

நாத்தனாரோட மாமியாருக்கும் உங்களுக்கும் ரத்தசொந்தம் இல்லைன்னு நினைக்கிறேன் :-)

மாலைவெயில்:
டாக்டர் மேடம் ரொம்ப நன்றி. ரத்தசொந்தம் இல்லவே இல்ல, சொந்தமே கொஞ்சம் சந்தேகம்தான். அந்த ராத்திரி கேப்ஸ்யூல் எதுக்கு? அத விட்டுட்டு பேட்ச் மட்டும் ஒட்டலாமா?

வெள்ளைக்கோட்டு:
விடவே கூடாது. ஈஸ்ட்ரோஜன் தனியா போனா கர்ப்பப்பையோட உள்சுவர் வளந்துட்டே போகும், நிறுத்தச் சொல்ல ஆள் இல்ல. 1960கள்ல அமெரிக்காவுல ஈஸ்ட்ரோஜன மட்டும் அள்ளிக் குடுத்தாங்க, 1975ல கர்ப்பப்பை உள்சுவர்ப் புற்றுநோய் பல மடங்கு கூடுறது தெரிய வந்துச்சு, அதுக்கப்புறம்தான் ப்ரொஜெஸ்டிரோன் வகைய சேக்குற பழக்கமே வந்தது. கர்ப்பப்பை எடுத்தவங்களுக்கு பொதுவா அது தேவையில்ல. உங்களுக்கு இருக்கு, அதனால கேப்ஸ்யூல் கட்டாயம். அது லேசா தூக்கம் வரவைக்கும், அதான் ராத்திரிக்கு எழுதியிருக்காங்க.

சோதனைக்குழாய்:
உள்ள புகுந்துக்குறேன், மருந்தியல் என் பொழப்பு. மாத்திரையும் பேட்சும் ஒண்ணுன்னு நெனச்சுதான் பாதி சண்டை நடக்குது. மாத்திரைய முழுங்கினா அது குடல்ல இருந்து நேரா கல்லீரலுக்குப் போகும், அங்க மொத்த டோசும் ஒரே மூச்சா எறங்குறதால கல்லீரல் ரத்தம் உறையவைக்கிற புரதங்கள கூடுதலா செய்ய ஆரம்பிச்சிரும். ரத்தக்கட்டி ஆபத்து கூடுறது முக்கியமா இந்த வழியிலதான். தோல் வழியா போற பேட்ச், ஜெல்லுக்கு அந்த முதல் சுற்று கிடையாது, நேரா ரத்தத்துல கலந்துரும், சாதாரண டோஸ்ல ரத்தக்கட்டி ஆபத்து கூடுனதா பெரிய ஆய்வுகள்ல தெரியல. 2002 ஆராய்ச்சில குடுத்தது முழுங்குற மாத்திரை, அதுவும் கர்ப்பமான குதிரையோட மூத்திரத்துல இருந்து பிரிச்சது. ஆமா நெஜமாதான், 1940கள்ல இருந்து விக்கிறாங்க. உங்க பேட்ச்ல இருக்குறது பெரும்பாலும் ஈஸ்ட்ராடியால், உங்க ஓவரியே இவ்வளவு நாளா செஞ்சிட்டிருந்த அதே மூலக்கூறு.

ஏன் சூடு ஏறுதுன்னா, மூளைல ஹைப்போதலாமஸ்ல ஒரு நரம்புக் கூட்டம் இருக்கு, ஈஸ்ட்ரோஜன் இருக்குற வரைக்கும் அது அடங்கி இருக்கும், கொறஞ்சதும் கத்த ஆரம்பிச்சிரும், பக்கத்துல இருக்குற வெப்பக் கட்டுப்பாட்டு இடத்தையும் கெடுத்துரும். உடம்பு சூடு கொஞ்சமே கொஞ்சம் ஏறினாக்கூட மூளை “ஐயோ ரொம்ப சூடு”ன்னு முடிவு பண்ணி தோல் ரத்தக்குழாய தொறந்துவிட்டு வேர்வைய கொட்டும். அந்த நரம்போட சிக்னல நேரா தடுக்குற ஹார்மோன் இல்லாத மாத்திரை ஒண்ணு ஃபெசோலினெட்டன்ட்னு 2023ல அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு, ஈஸ்ட்ரோஜன் எடுக்கவே கூடாதவங்க டாக்டர்கிட்ட கேட்டுப் பாக்கலாம், கல்லீரல் டெஸ்ட் அப்பப்ப பாக்கணும்.

இரும்புப்பிடி:
தப்பா நெனக்காதீங்க, இந்த இழைல ஒரே லேடீஸ் மேட்டரா ஓடுது, ஆனா என் டவுட்டும் இதுதான். நான் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுறேன் (திட்டாதீங்க). அது ஈஸ்ட்ரோஜனா மாறி மார்பு வீங்கும்னு கோச் அனஸ்ட்ரோசோல் குடுத்தாரு. இப்ப ஈஸ்ட்ரோஜன் கிட்டத்தட்ட ஜீரோ. ஆனா முட்டி, தோள் எல்லாம் வலி, மூடே இல்ல, அந்த விஷயத்துலயும் ஆர்வமே போச்சு. பொம்பளைங்க ஹார்மோன் இல்லைன்னா ஆம்பளைக்கு நல்லதுதான?

சோதனைக்குழாய்:
தம்பி, இதுக்காகவே நான் எழுதலாம். “பொம்பளைங்க ஹார்மோன்”ங்குற எடத்துலதான் எல்லாமே தப்பாப் போகுது. 60 வயசு ஆம்பளையோட ரத்தத்துல இருக்குற ஈஸ்ட்ராடியால், சிகிச்சை எதுவும் எடுக்காத 60 வயசு பொம்பளையோட ரத்தத்துல இருக்குறத விட அதிகம். உடம்பு அத டெஸ்டோஸ்டிரோன்ல இருந்துதான் செய்யுது, அரோமட்டேஸ்னு ஒரு நொதி, கொழுப்புல, எலும்புல, மூளைல எல்லாம் இருக்கு. நீ போடுற அனஸ்ட்ரோசோல் அந்த நொதியத்தான் அடைக்குது.

1994ல ஒரு கேஸ் வெளியாச்சு. 28 வயசு ஆள், உயரம் 204 சென்டிமீட்டர், இன்னும் வளந்துட்டே இருந்தாரு. முட்டி ரெண்டும் உள்பக்கமா வளைய ஆரம்பிச்சதாலதான் டாக்டர்கிட்டயே போனாரு. எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா எலும்போட வயசு 15, எலும்பு நீளுற இடமான வளர்ச்சித் தட்டு மூடவே இல்ல, எலும்பு அடர்த்தி பரிதாபம். டெஸ்டோஸ்டிரோன் நார்மல். ஈஸ்ட்ரோஜன் நெறைய இருந்துச்சு, ஆனா அத வாங்கிக்குற ரிசெப்டர்ல மரபணுக் கோளாறு, அதனால இருந்தும் இல்லாத கதை. அதுவரைக்கும் ஆம்பளை எலும்ப பாத்துக்குறது டெஸ்டோஸ்டிரோன்னுதான் புத்தகத்துல போட்டிருந்தாங்க. அப்புறம் அரோமட்டேஸே பொறவியிலேயே இல்லாத இன்னொரு ஆளுக்கு டெஸ்டோஸ்டிரோன் குடுத்துப் பாத்தாங்க, எலும்புல ஒரு மாற்றமும் இல்ல. ஈஸ்ட்ராடியால் குடுத்தாங்க, தட்டு மூடுச்சு, எலும்பு கெட்டியாச்சு. 1997ல வந்தது அது. பையனோ பொண்ணோ, வயசுக்கு வந்த பிறகு உயரம் நிக்குறதுக்கு காரணம் ஈஸ்ட்ரோஜன்தான்.

2013ல ஆரோக்கியமான ஆம்பளைங்ககிட்ட ஒரு சோதனை நடத்துனாங்க, சொந்த ஹார்மோன நிறுத்திட்டு வேற வேற டோஸ்ல டெஸ்டோஸ்டிரோன் குடுத்து, பாதிப் பேருக்கு கூடவே அனஸ்ட்ரோசோல். ஈஸ்ட்ரோஜன அடைச்சவங்களுக்கு கொழுப்பு கூடுச்சு, ஆசையும் கொறஞ்சிச்சு. நீ சொல்ற கதை அப்படியே. ஊசியயும் மாத்திரையயும் நீயா திடீர்னு நிறுத்தி வேற குழப்பம் பண்ணிக்காத, நாளமில்லாச் சுரப்பி டாக்டர போய் பாரு, கோச்ச இல்ல.

இரும்புப்பிடி:
204 செ.மீ. கேட்டதும் மொதல்ல பொறாமதான் வந்துச்சு, எலும்பு பத்திப் படிச்சதும் போயிருச்சு. அப்பாயின்ட்மென்ட் போடுறேன்ணே.

ஆறாவதுவிரல்:
தம்பி விளையாட்டா போடுற அந்த அடைப்பு மாத்திரை வகைதான் எனக்கு வைத்தியமே. லெட்ரோசோல், தினம் 2.5 மில்லிகிராம். மார்பகப் புற்றுநோய், ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் பாசிட்டிவ். ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சு இப்ப இது மட்டும். காலைல எந்திரிச்சா வெரல மடக்க முடியாது, தண்ணி பாட்டில் மூடி தொறக்குறதுக்குள்ள ஒரு போராட்டம், அரைமணி நேரம் நடமாடினா சரியாவும். மூட்டுவலி பத்தி கேட்டவங்க யாருன்னாலும் சொல்றேன், அது பிரமை இல்ல. ஆனா நான் இத விடமாட்டேன். இதுக்கு முன்னாடி பீரியட்ஸ் நிக்காத காலத்துல டாமாக்சிஃபென் குடுத்தாங்க, அப்ப மூட்டுல ஒண்ணும் இல்ல, வேர்வை மட்டும். அது ஏன் வேற, இது ஏன் வேற?

வெள்ளைக்கோட்டு:
அம்மா, அருமையான கேள்வி. மார்பகப் புற்றுநோய்ல கிட்டத்தட்ட நாலுல மூணு பங்கு ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் உள்ளதுதான். டாமாக்சிஃபென் ஈஸ்ட்ரோஜன கொறைக்காது, ரிசெப்டர்ல போய் தான் உக்காந்துக்கும். வேடிக்கை என்னன்னா மார்புல உக்காந்தா தடுக்கும், எலும்புலயும் கர்ப்பப்பைலயும் உக்காந்தா ஈஸ்ட்ரோஜன் மாதிரியே வேலை செய்யும். அதனாலதான் மெனோபாஸ் ஆனவங்களுக்கு அது எலும்ப காப்பாத்துது, அதே காரணத்தால கர்ப்பப்பைல புற்றுநோய் ஆபத்து கொஞ்சம் கூடுது, ரத்தப்போக்கு வந்தா உடனே சொல்லச் சொல்றோம். இத்தனைக்கும் 1960கள்ல அத கருத்தடை மருந்தாதான் செஞ்சு பாத்தாங்க, அந்த வேலைக்கு உதவல. லெட்ரோசோல் அப்படி இல்ல, ஈஸ்ட்ரோஜன் தயாரிப்பையே நிறுத்துது. மெனோபாஸுக்கு அப்புறம் ஓவரி ஓய்ஞ்சாலும் கொழுப்புல அரோமட்டேஸ் வேலை செஞ்சுக்கிட்டேதான் இருக்கும், அதையும் மூடிருது. எலும்புக்கும் மூட்டுக்கும் மிச்சம் ஒண்ணும் இல்ல. எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்திருக்கீங்களா? எடுக்கலைன்னா உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. ஓவரி இன்னும் வேலை செய்யுறவங்களுக்கு லெட்ரோசோல் தனியா பத்தாது, மூளை ஓவரிய முடுக்கிவிட்டுரும், அதனால ஓவரிய அடக்குற ஊசியும் சேந்தாதான் குடுப்போம்.

பொறுமைசாலி:
ஒரு நிமிஷம் ஒரு நிமிஷம். லெட்ரோசோலா? எனக்கு பிசிஓஎஸ் (ஓவரில நீர்க்கட்டின்னு சொல்வாங்களே, அது), குழந்தைக்காக வைத்தியம் பாக்குறோம், எனக்கும் அதே மாத்திரைதான் பீரியட்ஸ் மூணாவது நாள்ல இருந்து அஞ்சு நாளைக்கு எழுதியிருக்காங்க! டப்பால மார்பகப் புற்றுநோய்னு பாத்துட்டு வீட்டுக்காரர் மெடிக்கல்ல போய் சண்டையே போட்டுட்டார். தப்பா குடுத்துட்டாங்கன்னு நெனச்சோம்.

வெள்ளைக்கோட்டு:
தப்பில்லம்மா, நான் மேல எழுதின கடைசி வரிதான் உங்க வைத்தியம். அஞ்சு நாள் மட்டும் ஈஸ்ட்ரோஜன அமுக்கினா மூளை பதறிப்போய் எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோன கூட்டும், அது ஓவரிய தட்டியெழுப்பும், முட்டை ஒண்ணு வளரும். மாத்திரைய நிறுத்தின பிறகு வளர்ற முட்டைப்பை தானே ஈஸ்ட்ராடியால கொட்டும், அது உச்சத்துக்குப் போய் ரெண்டு நாள் அப்படியே நின்னுச்சுன்னா மூளை அதுவரைக்கும் அடக்கி வாசிச்சது போய் திடீர்னு எல்.ஹெச்.ங்குற இன்னொரு ஹார்மோன வெள்ளமா விடும், ஒண்ணரை நாள்ல முட்டைப்பை வெடிச்சு முட்டை வெளிய வரும். அதே ஹார்மோன் கொஞ்சமா இருந்தா மூளைய அடக்கும், நெறைய நேரம் நெறைய இருந்தா முடுக்கும், எனக்கு படிக்கிற காலத்துல இருந்து இது ஆச்சரியம்தான். பிசிஓஎஸ்ல பழைய மருந்தான குளோமிஃபீன விட லெட்ரோசோல்ல குழந்தை பிறக்குற வாய்ப்பு அதிகம்னு 2014ல பெரிய சோதனைலயே தெரிஞ்சுது. மெடிக்கல்காரர்கிட்ட சமாதானமா போங்க.

குறுக்குக்கேள்வி:
எல்லாம் சரி, ஆனா டாக்டர்ங்க எப்பவும் இதே நம்பிக்கையோடதான் பேசியிருக்காங்க. டை எதில்ஸ்டில்பெஸ்ட்ரால் தெரியுமா? செயற்கை ஈஸ்ட்ரோஜன், 1938ல செஞ்சது. கருச்சிதைவத் தடுக்கும்னு கர்ப்பிணிகளுக்கு லட்சக்கணக்குல குடுத்தாங்க. 1953லயே சிகாகோல சோதனை பண்ணி ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு தெரிஞ்சிருச்சு, அப்பவும் நிறுத்தல. 1971ல பாஸ்டன்ல பாத்தா, அந்த அம்மாக்களோட பொண்ணுங்களுக்கு டீன் ஏஜ்லயும் இருபதுகள்லயும் பிறப்புறுப்புல அபூர்வமான புற்றுநோய். பொண்ணுங்க மாத்திரையவே பாத்ததில்ல, வயித்துல இருந்தப்ப அம்மா சாப்பிட்டது. இதுக்கு என்ன சொல்றீங்க?

வெள்ளைக்கோட்டு:
சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, நூத்துக்கு நூறு உண்மை, மருத்துவத்துக்கே அசிங்கம் அது. அதுலயும் பெரிய அசிங்கம் 1953க்கும் 1971க்கும் நடுவுல இருக்குற 18 வருஷம். அது நடந்தது, பலனே இல்லைன்னு சோதனை சொல்லியும் யாரும் கேக்காததால. இப்ப மாலைவெயில் விஷயத்துல வேர்வைக்கும் தூக்கத்துக்கும் எலும்புக்கும் பலன் இருக்குன்னு சோதனை சொல்லுது, அதையும் கேக்கணும்ல.

கடற்பாசி:
“இயற்கையா நிக்குது விட்டுருங்க”ன்னு சொன்னவருக்கு. எனக்கு 31 வயசுல நின்னுச்சு. ஓவரி முன்கூட்டியே செயலிழந்துருச்சு, 40 வயசுக்குள்ள நூத்துல ஒருத்தருக்காவது வருமாம். இதுவும் இயற்கைதான். என் எலும்பு ஸ்கேன் ரிப்போர்ட்ட பாத்த ரேடியாலஜிஸ்ட் பேரும் வயசும் சரியான்னு ரெண்டு தடவ கேட்டாங்க. எனக்கு ஈஸ்ட்ரோஜன்ங்குறது கூடுதல் இல்ல, இருக்க வேண்டியது இல்லாததுக்கு ஈடு, சாதாரணமா நிக்குற வயசு 50, 51 வரைக்குமாவது எடுக்கணும்னு சொல்லியிருக்காங்க. 63 வயசுக்காரங்க ஆராய்ச்சிய வச்சு பயந்து என் சித்தி நடுவுல ஒரு தடவ நிறுத்த வச்சாங்க. அதோட எலும்பு இன்னும் எறங்குனதுதான் மிச்சம்.

குறுக்குக்கேள்வி:
உங்க விஷயம் வேற சகோதரி, அத நான் சொல்லல. கேள்வி கேக்குறத மட்டும் விடமாட்டேன்.

நீலத்தும்பி:
நான் திருநங்கை, சில வருஷமா டாக்டர் மேற்பார்வைல ஈஸ்ட்ராடியால் எடுக்குறேன். இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும், எங்க ஆளுங்க நெறைய பேர் சீட்டு இல்லாம மெடிக்கல்ல கருத்தடை மாத்திரைய வாங்கி, சீக்கிரம் மாறணும்னு ஒரே நாள்ல ரெண்டு மூணுன்னு முழுங்குறாங்க. அதுல இருக்குறது எதினைல் ஈஸ்ட்ராடியால், கல்லீரல் அத லேசுல உடைக்காது, ரத்தக்கட்டி ஆபத்து ரொம்ப. கூட சிகரெட்டும் இருந்தா கேக்கவே வேணாம். என் தோழி ஒருத்தி கெண்டைக்கால் வீங்கி சிவந்து ஆஸ்பத்திரில கெடந்தா. எனக்கு பேட்சும், டெஸ்டோஸ்டிரோன அடக்குற ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையும், அதுக்கு பொட்டாசியம் டெஸ்ட் அப்பப்ப. டோஸ கூட்டினா வேகமா மாறாது, கெஞ்சிக் கேட்டும் என் டாக்டர் கூட்டல, இப்ப அவருக்கு நன்றி சொல்றேன்.

மாலைவெயில்:
இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நெனக்கல. டாக்டர்கிட்ட திரும்பப் போய் ரத்தக்கட்டி, மைக்ரேன், பிரஷர் எல்லாம் கேட்டு பதில் சொல்லி, மேமோகிராமும் எடுத்துட்டு ஒட்டியாச்சு. எங்க ஒட்டுறதுன்னு ஒரு சின்ன சந்தேகம், அடிவயித்துல ஒட்டினா பேன்ட் எலாஸ்டிக் உரசி ஓரம் பிரியுது.

கடற்பாசி:
இடுப்புக் கோட்டுக்கு நல்லா கீழ, புட்டத்தோட மேல்பாகத்துல ஒட்டுங்க அக்கா. மார்புல மட்டும் எப்பவும் கூடாது. குளிச்சதும் நல்லா துடைச்சு காயவிட்டு, லோஷன் தடவாத தோல்ல வச்சு உள்ளங்கையால பத்து செகண்ட் அழுத்திப் புடிங்க, கை சூட்டுலதான் அது ஒட்டும். அடுத்தத வேற பக்கம் மாத்தி ஒட்டுங்க, அதே இடத்துல ஒட்டினா அரிக்கும். எடுத்த பிறகு கருப்பா பிசுபிசுன்னு ஒரு சதுரம் நிக்கும், தேங்கா எண்ணெயோ பேபி ஆயிலோ தொட்டு தேச்சா வந்துரும். பழச மடிச்சு ஒட்டி குப்பைல போடுங்க, அதுலயும் மருந்து மிச்சம் இருக்கும், குழந்தைங்க எடுத்துரக் கூடாது.

ஆறாவதுவிரல்:
எனக்கு ஒரு கேள்வி, கேக்கக் கூச்சமாதான் இருக்கு. அந்த இடத்துல வறட்சி, எரிச்சல், அடிக்கடி யூரின் இன்ஃபெக்‌ஷன். உள்ள வைக்கிற ஈஸ்ட்ரோஜன் க்ரீம் எனக்கு ஆகுமா?

வெள்ளைக்கோட்டு:
கூச்சமே வேணாம், ஓ.பி.ல பாதிப் பேர் கதவத் தொறந்து வெளிய போறப்பதான் இதக் கேப்பாங்க. ஈஸ்ட்ரோஜன் போனதும் அந்தச் சவ்வு மெலிஞ்சு, நல்ல பாக்டீரியா கொறஞ்சு, அமிலத்தன்மை போயிரும், அதனாலதான் இன்ஃபெக்‌ஷன் திரும்பத் திரும்ப வருது. மத்தவங்களுக்கு உள்ள வைக்கிற சின்ன டோஸ் க்ரீமே இதுக்கு நல்ல வைத்தியம், ரத்தத்துல ரொம்பக் கொஞ்சம்தான் சேரும். நீங்க லெட்ரோசோல்ல இருக்கீங்க, அதனால மொதல்ல ஹார்மோன் இல்லாத மாய்ஸ்சரைசர், லூப்ரிகன்ட். அதுல அடங்கலைன்னா உங்க புற்றுநோய் டாக்டரையும் வச்சுப் பேசித்தான் க்ரீம் பத்தி முடிவு பண்ணணும். நீங்களா வாங்க வேணாம்.

மஞ்சள்குடை:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எனக்கு தைராய்டு மாத்திரை வருஷக்கணக்கா ஒரே டோஸ், டெஸ்ட் எப்பவும் சரியா இருந்துச்சு. ஈஸ்ட்ரோஜன் மாத்திரை (முழுங்குறது) ஆரம்பிச்ச பிறகு டி.எஸ்.ஹெச். (தைராய்டு ஹார்மோன் பத்தலைன்னா ஏறுமே, அது) எகிறிருச்சு. சம்பந்தம் இருக்கா?

சோதனைக்குழாய்:
இருக்கு. முழுங்குற ஈஸ்ட்ரோஜன் கல்லீரல்ல தைராய்டு ஹார்மோன புடிச்சு வச்சுக்குற புரதத்தையும் கூட்டிவிட்டுரும், அப்ப உடம்புக்கு கிடைக்கிற ஹார்மோன் கொறையும். தைராய்டு நல்லா இருக்கிறவங்களுக்கு அதுவே கொஞ்சம் கூட சுரந்து சமாளிச்சிரும், மாத்திரைய நம்பி இருக்கிறவங்களுக்கு அது முடியாது. ஆரம்பிச்சு ஆறுலேர்ந்து பன்னெண்டு வாரத்துல ஒரு டெஸ்ட் எடுத்து தைராய்டு டோஸ டாக்டர் மாத்துவாங்க. இல்லைன்னா பேட்சுக்கு மாறலாமான்னு கேளுங்க, அதுல இந்தப் பிரச்சனை பெருசா வராது. ரெண்டு டாக்டர்கிட்ட போறீங்கன்னா இவர் குடுக்குறத அவர்கிட்ட சொல்லிருங்க.

மஞ்சள்குடை:
ரெண்டு பேரும் வேற வேற ஆஸ்பத்திரி, யாருக்கும் யாரையும் தெரியாது. ரெண்டு சீட்டையும் போட்டோ எடுத்து வச்சிட்டேன், வர்ற வாரம் காட்டுறேன்.